அவருக்கு மேலே பாடினோம்

பிப்ரவரி 4

அன்பு அக்காவுக்கு,

தம்பி எழுதுகிறேன். நான், என் வீட்டுக்காரி, உன் மருமகள் வாலு மூவரும் உடம்புக்குக் குறையில்லாமல் இருக்கிறோம். உன் முழங்கால் எப்படி? மூன்றாவது மாடி ஏறும்போது இன்னும் வலிக்கிறதா? போனில் கேட்டால் "அதெல்லாம் ஒண்ணுமில்ல" என்பாய், நானும் "ம்" என்று சொல்லி வைத்துவிடுவேன். அதனால்தான் கடிதம்.

அக்கா, என்னைச் சபைக்கு மூப்பராக்கிவிட்டார்கள். சிரிக்காதே. பழைய மூப்பர் தன் மகன் வீட்டோடு போய்விட்டார். நம் சபை வழக்கம் உனக்கு நினைவிருக்கும். ஒருவர் ஒரு பேரைச் சொல்வார், மற்றவர்கள் கண்ணை மூடி ஜெபிப்பார்கள், முடியும் வரை யாரும் மறுக்காவிட்டால் அவர்தான். அன்றைக்கு நான் ஏணி மேல் நின்று மின்விசிறியைக் கழற்றிக்கொண்டிருந்தேன். உயரத்தில் நின்றதால் கணக்கு வாத்தியார் கண்ணில் பட்டிருக்கிறேன். பேரைச் சொல்லிவிட்டார். வாயில் இரண்டு ஸ்குரூவைக் கடித்துக்கொண்டிருந்ததால் என்னால் மறுக்க முடியவில்லை. கீழே இறங்கியபோது எல்லோரும் கைகொடுத்தார்கள்.

இப்போது முதல் தலைவலி. சபையில் பாட்டு எடுத்துக்கொடுக்கும் நம் பாட்டுக்கார அம்மாவுக்குச் சுருதி நிற்கவில்லை. தொடங்குவது ஒரு இடம், முடிப்பது வேறு இடம். கூடவே பாடுகிறவர்கள் தடுமாறி வாயை மூடிக்கொள்கிறார்கள். இரண்டு குடும்பம் வருவதையே நிறுத்திவிட்டது. "நீங்கதான் தலைவர், நீங்கதான் சொல்லணும்" என்று ஒவ்வொருவரும் என்னைத் தனியாக ஓரங்கட்டிச் சொல்கிறார்கள். என் கல்யாணத்தில் பாடிய அம்மா, அக்கா. மகன் வெளிநாடு போன பிறகு அவருக்கு இருப்பது இந்தப் பாட்டு ஒன்றுதான். அவரிடம் போய் எப்படிச் சொல்வது?

நீ பிஸ்கட் ஃபேக்டரியில் இத்தனை பெண்களை வைத்து மேய்க்கிறாய். ஃபிரிட்ஜ் ரிப்பேர்க்காரன் எனக்கு ஃபிரிட்ஜோடு பேசத்தான் தெரியும். ஒரு வழி சொல்.

உன் பதிலுக்காக வாசலைப் பார்த்திருக்கும்,
தம்பி

*

பிப்ரவரி 17

என் அருமைத் தம்பிக்கு,

அக்காவின் ஆசிகள். முழங்கால் அதன் இடத்தில் இருக்கிறது, நானும் என் இடத்தில் இருக்கிறேன். உன் வீட்டுக்காரியைக் கேட்டதாகச் சொல். வாலுக்கு ஒரு முத்தம், இரண்டு குட்டு.

நீ தலைவனா! பாடப் புத்தகத்தைத் தொலைத்துவிட்டு என் பின்னால் ஒளிந்தவன். சரி, கேள்.

மனிதர்களை நடத்துவதில் வித்தை ஒன்றும் கிடையாது. மனதில் இருப்பதை முகத்துக்கு நேரே சொல்லிவிடவேண்டும். சுற்றி வளைத்தால் எதிரில் இருப்பவருக்குத் தலை சுற்றும், உனக்கும் சுற்றும். போன வருஷம் என் பேக்கிங் பிரிவில் ஒருத்திக்குக் கை வேகம் போய்விட்டது. கூப்பிட்டு உட்காரவைத்தேன். "உனக்கு முடியல, நாளையிலிருந்து நீ பெட்டி ஒட்டுற மேசைக்குப் போ" என்றேன். அழுதாள். மறுநாள் போனாள். அவ்வளவுதான்.

நீயும் போ. இந்த வாரமே போ. "அம்மா, இனி நீங்க பாடவேண்டாம்" என்று சொல்லிவிட்டு எழுந்து வந்துவிடு. பாவம் பார்த்தால் சபை நடக்காது.

இன்னொன்று. நீலப் பேனாவில் எழுதாதே. கறுப்பில் எழுது, கொஞ்சம் பெரிதாக எழுது. உன் எழுத்து எறும்பு ஊர்வது மாதிரி இருக்கிறது.

இப்படிக்கு உன்னை அதட்டவே பிறந்த,
அக்கா

*

மார்ச் 9

அக்காவுக்கு,

கறுப்புப் பேனா வாங்கியாயிற்று. எறும்பை எருமையாக்கி எழுதுகிறேன், போதுமா? இங்கே எல்லோரும் சுகம். நீ வேளைக்குச் சாப்பிடுகிறாயா?

போனேன் அக்கா. பேசவேண்டியதை வழியெல்லாம் சொல்லிப் பார்த்துக்கொண்டே போனேன். கதவைத் திறந்தவர், "என்ன தம்பி, மூஞ்சி ஒரு மாதிரி இருக்கு?" என்றார்.

"ஒண்ணுமில்லம்மா. உங்க ஃபிரிட்ஜ் சத்தம் போடுதே, எவ்வளவு நாளா?"

"அது வாங்கின நாள்லேர்ந்து போடுது."

அதைத் திருப்பிப் போட்டு, கம்ப்ரஸருக்கு அடியில் ரப்பர் மாற்றி, பின்பக்கத் தூசியைத் துடைத்து, டீ குடித்துவிட்டு வந்துவிட்டேன். ஃபிரிட்ஜ் இப்போது மூச்சே விடுவதில்லை. சொல்லவந்ததை மட்டும் சொல்லவில்லை.

இதற்கிடையில் தலைமைத்துவப் பயிற்சி என்று ஒரு வகுப்புக்கு என்னை அனுப்பினார்கள். நல்ல தலைவன் பேசுவதைவிட அதிகம் கேட்பான் என்றார்கள். கேட்டுக்கேட்டுத்தானே நான் இந்தக் கதிக்கு ஆளானேன்! பிறகு கண்ணை மூடிப் பின்னால் சாயச் சொன்னார்கள், பின்னால் நிற்பவர் பிடித்துக்கொள்வாராம், நம்பிக்கை வளருமாம். நான் சாய்ந்த நேரம் பார்த்துப் பின்னால் நின்றவருக்குத் தும்மல் வந்துவிட்டது. இடுப்பு இன்னும் வலிக்கிறது.

திரும்பி வந்து சபைக் குழுவில் உண்மையைச் சொன்னேன், என்னால் முடியாது என்று. கணக்கு வாத்தியார் ஒரு யோசனை சொன்னார். நம் தையல்காரருக்குக் கணீரென்ற குரல். அம்மா பாட்டைத் தொடங்கியதும் பின்வரிசையில் தையல்காரர் சரியான சுருதியில் எடுப்பார். உடனே எல்லோரும் அவரோடு சேர்ந்து உரக்கப் பாடவேண்டும். அம்மாவின் குரல் அமுங்கிவிடும், யார் மனமும் நோகாது. கண்ணை மூடி ஜெபித்தோம், யாரும் மறுக்கவில்லை.

நல்ல யோசனைதானே? எனக்கு அப்படித்தான் படுகிறது. ஆனாலும் ஏதோ உறுத்துகிறது.

குழப்பத்தோடு,
தம்பி

*

மார்ச் 20

தம்பிக்கு அக்காவின் ஆசிகள்.

உன் கடிதத்தை வாசித்துச் சிரித்ததில் கீழ்வீட்டுக்காரி என்னவோ ஏதோ என்று மேலே ஏறி வந்துவிட்டாள். இடுப்புக்கு வெந்நீர் ஒத்தடம் கொடு.

நீ ஒரு கோழை. ஆனால் உங்கள் யோசனை மோசமில்லை. காரியம் நடந்தால் சரி.

என் சங்கதி கேள். ஒவ்வொரு பெட்டியிலும் ஒரு பாக்கெட்டை எடுத்து, தேதி முத்திரை தெளிவாக விழுந்திருக்கிறதா என்று பார்த்து அனுப்புவதுதானே என் வேலை. எவ்வளவு பார்த்தாலும் முன்பு மாதம் ஓரிரு பெட்டி கடையிலிருந்து திரும்பி வந்துவிடும். இந்த வருஷம் பிறந்ததிலிருந்து ஒன்றுகூட வரவில்லை! மேனேஜரே கூப்பிட்டுப் பாராட்டினார். என் பெண்கள் தேறிவிட்டார்கள். அதட்டினால் தேறுவார்கள் என்று உனக்குச் சொல்லவில்லையா? தலைமை என்றால் அதுதான்.

எல்லோரையும் விசாரித்ததாகச் சொல். கறுப்புப் பேனா சரி, எழுத்து இன்னும் பெரிதாகலாம்.

மேனேஜர் மெச்சிய,
அக்கா

*

ஏப்ரல் 14

மேனேஜர் மெச்சிய மகராசிக்கு,

தம்பியின் வணக்கம். வாலுக்குப் பல் விழுந்து, அதைத் தலையணைக்கடியில் வைத்துத் தூங்குகிறாள். மற்றபடி சுகம். உன் எழுத்தும் ஏன் அக்கா இப்படி வீங்கிவிட்டது? ஒரு பக்கத்துக்கு ஆறு வரிதான் இருக்கிறது. எனக்குச் சொல்லிக்கொடுப்பதற்காகவா?

இங்கே நடந்ததைக் கேள். அம்மா முதல் அடியை எடுத்தார், வழக்கம்போல எங்கோ போனார். தையல்காரர் பின்னாலிருந்து ஒரு பிடி பிடித்தார். அவ்வளவுதான், எல்லோரும் ஒரே கத்து. ஜன்னல் கண்ணாடி அதிர்ந்தது. எதிர்க்கடைக்காரர் என்னவோ என்று வெளியே வந்து பார்த்தார். பாட்டு முடிந்ததும் பார்த்தால் அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டிருக்கிறார். தெரிந்துவிட்டது போலிருக்கிறதே என்று நினைத்தேன்.

அவர் எழுந்து என்ன சொன்னார் தெரியுமா? "இத்தனை வருஷத்துல சபை இப்படிப் பாடி நான் கேட்டதில்ல. புது மூப்பர் வந்த நேரம், எல்லாருக்கும் உயிர் வந்துடுச்சு. எனக்கும் பழைய குரல் திரும்பிடுச்சு" என்றார். அதோடு நிறுத்தவில்லை. இனி ஒவ்வொரு வாரமும் ஒரு பாட்டு கூடுதலாகப் பாடலாம் என்று அறிவித்தார்!

இப்போது அவர் இன்னும் உரக்கப் பாடுகிறார். நாங்கள் அதைவிட உரக்கப் பாடுகிறோம். வரிசைக்கு வரிசை கண்ஜாடை, இருமுவது போல் சிரிப்பு. எல்லோருக்கும் தெரியும், அவர் ஒருவருக்குத்தான் தெரியாது. வராமல் நின்ற இரண்டு குடும்பமும் வந்துவிட்டன. அடுத்த வகுப்பில் என்னையே பேசச் சொல்லிக் கேட்கிறார்கள்.

பார்த்தாயா, உன் தம்பியும் தலைவனாகிவிட்டான். நீ மெச்சி ஒரு கடிதம் போடு.

தொண்டை கட்டிப்போன,
தம்பி

*

மே 26

அக்காவுக்கு,

சுகமாக இருக்கிறாயா? போன கடிதத்துக்குப் பதிலே இல்லை. போன் செய்தால் "வேலையா இருக்கேன், அப்புறம் பேசறேன்" என்கிறாய். அந்த அப்புறம் வரவே இல்லை. நான் ஏதாவது தப்பாக எழுதிவிட்டேனா? எழுத்து வீங்கிவிட்டது என்று கேலி செய்தேனே, அதற்காகவா? தமாஷுக்குத்தான் எழுதினேன்.

வீட்டுக்காரி தினமும் தபால்காரரை நிறுத்திக் கேட்கிறாள். வாலு "அத்தை டூ விட்டுட்டாங்களா?" என்கிறாள். இரண்டு வரி எழுது, போதும்.

தம்பி

*

ஜூன் 10

தம்பிக்கு,

உடம்புக்கு ஒன்றுமில்லை. வாலிடம் டூ இல்லை என்று சொல்.

உன் ஏப்ரல் கடிதத்தைப் பலமுறை படித்தேன். இருமுவது போல் சிரித்தார்கள் என்று எழுதியிருக்கிறாய். முதலில் சிரித்தது யார்? நீயும் சிரித்தாயா?

இங்கே பக்கத்துப் பிரிவில் ஒரு மேற்பார்வைக்காரி இருக்கிறாள். அவளுக்குக் கண் சரியில்லை, தேதி முத்திரை புகையாகத்தான் தெரிகிறது. யாருக்கும் தெரியாது என்று நினைத்துத் தடவித் தடவி ஓட்டிக்கொண்டிருந்தாள். ஒரு நாள் சாப்பாட்டு வேளையில் மறந்துவைத்த கைக்குட்டையை எடுக்கத் திரும்பிப் போனாளாம். அவள் பார்த்து அனுப்பிய பெட்டிகளை அவள் பெண்கள் மறுபடி பிரித்துப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவளைப் பார்த்ததும் ஒருத்தி மற்றவளிடம் வாயில் விரல் வைத்துக் காட்டினாள். அந்த அளவுக்கு அவளுக்குக் கண் தெரிந்தது.

அவள் மேனேஜர் பாராட்டியதை வேறு ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்திருக்கிறாள். வேலை போய்விட்டால் அவளுக்கு வேறு மனிதர்கள் கிடையாது. அந்தப் பெண்கள்தான் எல்லாம். இப்போது அவர்கள் முகத்தில் விழிக்கவே கூசுகிறதாம்.

அதனால் பாட்டுக்கார அம்மாவிடம் சொல்லிவிடு. சொன்னால் தாங்குவாரா தெரியவில்லை, சொல்லாதே. இல்லை, தானாகத் தெரிந்துகொள்வது அதைவிடக் கொடுமை. எனக்கே தெரியவில்லை தம்பி. என்னிடம் கேட்காதே.

அக்கா

*

ஜூன் 29

அக்காவுக்கு,

நாங்கள் நலம். நீ நலமா என்று கேட்கவே பயமாக இருக்கிறது. உன் கடிதத்தில் ஒரு வரி மேல் இன்னொரு வரி ஏறிக் கிடந்தது. இருட்டில் எழுதினாயா? அறையில் பல்பு போய்விட்டதா? வீட்டுக்காரியும் நானும் சேர்ந்துதான் படித்து முடித்தோம். பக்கத்துப் பிரிவு அம்மா கதை மனதைப் பிசைந்தது. அவர் இப்போது எப்படி இருக்கிறார்?

சொல் என்கிறாய், சொல்லாதே என்கிறாய். உன்னை நம்பித்தானே நான் இத்தனை நாள் தலைவனாக நடித்தேன்! கடைசியில் அந்தக் கைக்குட்டைக் கதைதான் என்னைத் தள்ளியது. பாட்டுக்கார அம்மா வீட்டுக்குப் போனேன். ஃபிரிட்ஜ் பக்கம் திரும்பவே இல்லை.

"அம்மா, உங்களுக்குச் சுருதி நிக்கலம்மா. நாங்க உங்களுக்கு மேல பாடி மறைச்சுக்கிட்டிருக்கோம்."

கையிலிருந்த டம்ளரைக் கீழே வைத்தார். "எல்லாருக்கும் தெரியுமா?"

"தெரியும்மா."

"பாட்டு கூட்டலாம்னு நான் சொன்னப்போ?"

"அப்பவும் தெரியும்."

வைத்த டம்ளரை எடுத்துக் கழுவிக் கவிழ்த்தார். பிறகு, "பாடாதேன்னு சொல்லியிருந்தா ரெண்டு நாள் அழுதுட்டு மூணாவது நாள் வந்திருப்பேன். என்னை நிக்கவெச்சு வேடிக்கை பாத்தீங்களேப்பா" என்றார். கதவைக் காட்டினார்.

அந்த வாரமும் அடுத்த வாரமும் அவர் வரவில்லை. பாட்டு நேரம் வந்தது. தையல்காரருக்கு யார் குரல் மீதாவது ஏறித்தான் பாட வருமாம், தானாக எடுக்க வரவில்லை. மற்றவர்கள் என் முகத்தைப் பார்த்தார்கள். நான் மின்விசிறியைப் பார்த்தேன். பாட்டில்லாமலேயே கலைந்தோம்.

அவரை இழந்துவிட்டேன் அக்கா. சபையும் கையைவிட்டுப் போகிறது. சிரித்தாயா என்று கேட்டாயே. சிரித்தேன்.

தம்பி

*

ஜூலை 22

அன்புத் தம்பிக்கு,

அக்காவின் ஆசிகள் எல்லோருக்கும். இது என் எழுத்தில்லையே என்று பதறாதே. கை சுளுக்கிக்கொண்டது. பெட்டி ஒட்டுகிற பெண் எழுதுகிறாள், இரண்டு பிள்ளைகளுக்குத் தாய், முத்து முத்தான எழுத்து. உன் கடிதத்தையும் அவள்தான் வாசித்தாள். கை சுளுக்கியவள் ஏன் வாசிக்க ஆள் வைக்கிறாள் என்று கேட்காதே. ஓய்வாக இருக்கிறேன்.

பக்கத்துப் பிரிவு அம்மாவைக் கேட்டாய். வேலைக்கு வருகிறாள், போகிறாள். பெண்கள் மறைத்துக்கொண்டே இருக்கிறார்கள், அவளும் தெரியாத மாதிரி இருக்கிறாள்.

பாட்டுக்கார அம்மா விஷயம். நான் நேரே சொல் என்றேன், நீ நேரே சொன்னாய். குழுவில் கண்ணை மூடினீர்கள், யாரும் மறுக்கவில்லை. இவ்வளவு பேரில் ஒருவராவது அவரிடம் "உங்களுக்கு என்ன வேணும்?" என்று கேட்டீர்களா? பெட்டி ஒட்டுகிற மேசைக்கு நான் தள்ளினேனே ஒருத்தி, அவளிடம் நானும் கேட்கவில்லை. அவள்தான் இதை எழுதிக்கொண்டிருக்கிறாள். அவளை இப்போது கேட்டேன். பேனாவைக் கீழே வைத்துவிட்டு எழுந்து போய், முகம் கழுவிக்கொண்டு வந்தாள்.

போய்க் கேள் தம்பி.

சொல்லச் சொல்ல எழுதவைத்த,
அக்கா

*

ஆகஸ்ட் 16

அன்பு அக்காவுக்கும், இதை வாசிக்கும் தங்கச்சிக்கும்,

இங்கே அனைவரும் சுகம். போனேன், கேட்டேன். பாட்டுக்கார அம்மா கதவை முழுதாகத் திறக்காமல் நின்றார். "அம்மா, தப்புப் பண்ணிட்டோம். உங்களுக்கு என்ன வேணும்னு கேட்க வந்திருக்கேன்" என்றேன். "இதைக் கேக்க உனக்கு இத்தனை மாசமா?" என்றார். ஆனால் கதவைத் திறந்தார். அவருக்கு வேண்டியது இவ்வளவுதான். விலகுவதை அவர் வாயால் அவரே சொல்லவேண்டும், அடுத்து யார் என்பதையும் அவரே சொல்லவேண்டும்.

போன வாரம் வந்தார். தன் இடத்தில் நின்றார். "எனக்குச் சுருதி போயிடுச்சு. உங்கள்ல யாருக்கும் அதைச் சொல்ல வாய் வரல. இந்த ஃபிரிட்ஜ்காரன் சொன்னான், அவனும் ஊரெல்லாம் சிரிச்ச பிறகு சொன்னான்" என்றார். ஒருவர் தலைகூட நிமிரவில்லை. "எனக்கு மேல ஏறிக் கத்தினானே தையல்காரன், அவனே வந்து நிக்கட்டும். நான் முன்னாடி உட்கார்ந்து பாக்கறேன், என்னை மாதிரி எடுக்கறானான்னு." தையல்காரர் வந்து நின்று எடுத்தார். முதல் அடியில் தப்பு விட்டார். அம்மா அவரைப் பார்த்து ஒரு இருமல் இருமினார். முதலில் தையல்காரர்தான் சிரித்தார், பிறகு சபையே சிரித்தது, அம்மாவும்தான்.

அக்கா, இனி உன் விஷயம்.

தங்கச்சி, உன்னிடம் ஒன்று கேட்கிறேன். இனி வரும் வரிகளில் ஒரு சொல்லையும் விடாதே, மாற்றாதே. அவர் மனம் நோகுமே என்று நினைக்காதே. அப்படி நினைத்துத்தான் நாங்கள் ஒரு மனுஷியை மாதக்கணக்கில் நோகடித்தோம்.

உன் கடிதங்களை வரிசையாக மேசைமேல் வைத்துப் பார்த்தேன். கறுப்புப் பேனா கேட்டாய். எழுத்து பெரிதானது. வரிமேல் வரி ஏறியது. பிறகு கை சுளுக்கியது. பக்கத்துப் பிரிவு என்று ஒன்று இல்லை. அக்கா, உனக்குக் கண் தெரியவில்லை. அதை மறைக்கிறாய், உன் பெண்களும் மறைக்கிறார்கள், பல்பு போய்விட்டதா என்று கேட்டு இந்த மடையனும் உனக்கு வசதி செய்து கொடுத்தான்.

இங்கே வந்துவிடு என்று சொல்லத்தான் பேனாவை எடுத்தேன். அந்த வரியை அடித்துவிட்டேன். உனக்கு என்ன வேண்டும் என்று சொல், அக்கா. அதைச் செய்கிறேன்.

உன் பின்னால் ஒளிந்தே வளர்ந்த,
தம்பி

*

ஆகஸ்ட் 30

தம்பிக்கு,

அக்காவின் ஆசிகள். எழுதுகிறவள் அதே பெட்டி ஒட்டுகிறவள்தான். அவள் பங்குக்கு உனக்கு வணக்கம் சொல்கிறாள்.

உன் கடிதத்தைச் சாப்பாட்டு வேளையில் எல்லோரும் உட்கார்ந்திருக்கும்போது வாசிக்கச் சொன்னேன். பாட்டுக்கார அம்மா கதையை எல்லோரும் கேட்கட்டுமே என்ற எண்ணம். "இனி உன் விஷயம்" என்று வந்ததும் நிறுத்திவிட்டாள். "என்னடி?" என்றேன். "தண்ணி குடிச்சுக்கறேன் அக்கா" என்றாள். தண்ணீர் குடிக்கிற சத்தமே வரவில்லை. கண்தானே போயிருக்கிறது எனக்கு. "படி" என்றேன். ஒரு சொல்லையும் விடாமல் படித்தாள்.

அப்புறம் நானே எழுந்து சொன்னேன். "எனக்கு முத்திரை தெரியல. நீங்க பிரிச்சுப் பாக்கறது எனக்குத் தெரியும்." ஒருத்தி அழுதாள். ஒருத்தி, "எங்களுக்கு உங்க அதட்டல் வேணும் அக்கா, கண்ணு நாங்க பாத்துக்கறோம்" என்றாள். மறுநாள் மேனேஜரிடம் போனேன். யோசித்துச் சொல்கிறேன் என்றார். என்ன சொல்வாரோ தெரியாது. நன்றாகத் தூங்கினேன் என்பது மட்டும் தெரியும்.

எனக்கு என்ன வேண்டும் என்று கேட்டாய். கண் டாக்டரிடம் தனியாகப் போக எனக்குப் பயம். இத்தனை நாள் போகாமல் இருந்ததும் அதனால்தான். கூட வா. அவர் என்ன சொல்கிறாரோ அதை மெதுவாக்காமல், மாற்றாமல், அப்படியே எனக்குச் சொல்ல ஒரு ஆள் வேண்டும். சபையில் அதைத்தானே கற்றுக்கொண்டாய்.

இனி கீழே வருவது என் கை. இவளிடமிருந்து பேனாவை வாங்கிக்கொண்டேன்.

தம்பி கோட்டுக்கு மேலேதான்
எழுதுகிறேன் என்று நினைக்கிறேன்
இவள் ஆமாம் என்கிறாள்
நீ நேரில் வந்து
பார்த்துச் சொல்

அக்கா